பச்சைப் புள்ளி வைத்த துளை

என் மேசை இழுப்பறையில், லேப்டாப் சார்ஜருக்கும் பழைய ஆபீஸ் அடையாள அட்டைகளுக்கும் நடுவில், ஒரு மவுத் ஆர்கன் கிடக்கிறது. பத்துத் துளை வைத்த சின்ன ரகம். மேல் தகடு ஒரு மூலையில் நசுங்கியிருக்கிறது. ஒரு பக்கத்து ஸ்க்ரூ எப்போதோ தொலைந்துபோய், அந்த இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருக்கிறது. இடப்பக்கமிருந்து இரண்டாவது துளைக்கு மேலே, பச்சை எனாமல் பெயிண்டில் கடுகளவு ஒரு புள்ளி. இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் என் மேல்தான் முடிப்பேன்.

ஆர்கன் மேஸ்திரியுடையது. மேஸ்திரி என்றால் பெயிண்டிங் மேஸ்திரி. அவருடைய அப்பாவுக்கும் அதே தொழில்தான். ஆனாலும் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் மேஸ்திரி என்றால் மகனைத்தான் குறிக்கும். இருபது வயதிலேயே யாரையாவது வேலை வாங்கிக்கொண்டே இருந்ததால் வந்த பட்டம். எனக்கு ஐந்து வயது மூத்தவர். எங்கள் ராக் பேண்டின் பாடகர் அவர். பாட்டு எழுதி மெட்டுப் போடுவதும் அவர்தான். நான் பேஸ் கிட்டார். இன்னும் இரண்டு பேர், லீட் கிட்டாருக்கு ஒருவன், டிரம்ஸுக்கு ஒருவன். அவர் அப்பாவின் பெயிண்ட் குடோனில்தான் பயிற்சி. தகரக் கூரை, சுற்றிலும் சுவருக்குப் பூசும் பட்டி மூட்டைகள், சாரக் கம்புகள், டர்பன்டைன் வாசனை. மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்துச் சண்டை குறைவு. அந்தக் காலத்தில் இந்த ஊரில் ராக் பேண்ட் என்றால் இங்கிலீஷில் பாட வேண்டும். நாங்கள் தமிழில் பாடினோம். கல்லூரிப் போட்டிகளில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். அல்சூர் பிள்ளையார் மேடையில் போய்ப் பாடினால் சினிமாப் பாட்டு கேட்டார்கள். இரண்டும் கெட்டான் பிழைப்பு. ஆனாலும் சொந்தமாக எட்டுப் பாட்டு சேர்த்துவிட்டோம்.

எங்களிடம் டியூனர் கிடையாது. இருந்ததெல்லாம் மேஸ்திரியின் ஆர்கன். அதில் அவருக்கு ஒரு பாட்டு இரண்டு வரி சேர்ந்தாற்போல வாசிக்க வராது. சுருதி சேர்க்க மட்டும்தான் அது. அதன் இரண்டாவது துளையை ஊதினால் கிட்டாரின் தடித்த கம்பிக்குரிய ‘ஈ’ ஸ்வரம் வரும். பயிற்சிக்கு முன் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துளையை நீளமாக ஊதுவார். முதலில் என் பேஸ் அதோடு சேரும். என்னைப் பார்த்து லீட் கிட்டார்காரன் சேர்த்துக்கொள்வான். அது முடிகிறவரை யாரும் பேசக் கூடாது. தீபாராதனை நேரத்தில் பேசினால் முறைப்பதைப் போல முறைப்பார்.

பேண்ட் ஆரம்பித்த புதிதிலேயே அந்த ஆர்கனுக்கு ஒரு கண்டம் வந்தது. ஒரு ஹோட்டலில் குனிந்து கை கழுவும்போது அவர் சட்டைப் பையிலிருந்து நழுவி, பக்கத்தில் வைத்திருந்த சாம்பார் வாளிக்குள் விழுந்துவிட்டது. ஹோட்டல்காரர் வாளியையே எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். கழுவிக் காயவைத்தும், இரண்டாவது துளை மட்டும் அடுத்த வாரமே பேச மறுத்தது. மேஸ்திரி அதைப் பிரித்து, உள்ளே இருந்த பித்தளை நாக்கின் அடியில் படிந்திருந்த களிம்பை ஷேவிங் பிளேடால் சுரண்டினார். மறுபடி சத்தம் வந்தது. இனி இந்தத் துளையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மேலே பச்சைப் புள்ளியும் வைத்தார். அதற்குப் பிறகு முதல் மூன்று துளைகளையும் சேர்த்து ஊதினால் அழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முன்பெல்லாம் அது கல்யாண வீட்டுச் சத்தமாக இருந்தது. அழுமூஞ்சி ஆர்கன் என்று பெயர் வைத்து விழுந்து விழுந்து சிரித்தோம். ஏன் அழுகிறது என்று ஒருவனாவது யோசித்தோமா? இல்லை. எங்கள் எட்டுப் பாட்டும் அதற்குப் பிறகு பிறந்தவைதான்.

பேண்ட் உடைந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. லீட் கிட்டார் வெளிநாடு போனான். டிரம்ஸ் அத்திபெலேயில் டயர்க் கடை வைத்தான். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. மிஞ்சியது குடோனில் ஒரு டூ இன் ஒன் ரேடியோவில் பதிவு செய்த ஒரே ஒரு கேசட். அது என்னிடம் இருந்தது.

இருபத்தைந்து வருடம் கழித்து, எங்கள் அபார்ட்மெண்டுக்கு வெளிப்பூச்சு அடிக்க வந்த ஆட்களுக்கு மேஸ்திரி அவராக இருந்தார். சனிக்கிழமை பகல். மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு யாரோ தொண்டை திறந்து பாடுவது கேட்டது. எங்களுடைய மூன்றாவது பாட்டு. அதன் கடைசி அடியில் குரல் நேராக மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நின்றது. பால்கனிக்கு ஓடினேன். தலை நரைத்திருந்தது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. அன்று என் காதாலேயே கேட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதற்குப் பிறகு நான் செய்ததற்கெல்லாம் அது எனக்கு எதிரான சாட்சி.

டீ குடிக்கும்போது மறுபடி பேண்ட் சேர்க்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். கம்பெனி எதுவும் வேண்டாம், நாமே பதிவு செய்து நாமே வெளியிடலாம், இப்போது அதெல்லாம் சுலபம் என்று அளந்தேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். புகழெல்லாம் இனிமேல் எதற்கு என்றார். பிறகு, “ஒரே ஒரு தபா என் கொரல்ல அந்த எட்டும் பதிஞ்சிட்டா போதும் பா. எம் பொண்ணு நம்ப மாட்டேங்குறா, நான் பாடுவேன்னு சொன்னா” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

புதிய ஆட்களை நான் பிடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து என் ஆபீஸில் வேலை செய்யும் தம்பி ஒருவன் கிட்டார். பதிவு வேலையும் அவனுக்கு அத்துப்படி. நன்றாகப் பாடவும் செய்வான். ஈஜிபுராவில் அவன் வாடகைக்கு இருந்த இரண்டாவது மாடி அறையின் சுவர்களில் மெத்தைகளைச் சாத்தினோம், அதுதான் எங்கள் ஸ்டுடியோ. கீபோர்டுக்கு அவனுக்குத் தெரிந்த ஈரோட்டுப் பெண். டிரம்ஸுக்கு ஒரு கன்னடப் பையன். தமிழ்ப் பாட்டின் அர்த்தத்தை ஒவ்வொரு வரிக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் குச்சியைத் தொடுவான். நல்ல பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த விஷயம் கேசட். பழைய பாட்டுகளைப் புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று அதைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, எல்லாப் பாட்டும் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கிட்டத்தட்ட அரைக் கட்டை கீழே இருக்கிறது என்றான். பழைய டேப், மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும் என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவன் ஏதோ ஒரு அளவைத் தள்ளி, எல்லாப் பாட்டையும் சரியான ‘ஈ’க்கு ஏற்றிச் சரிசெய்து, அனைவருக்கும் அனுப்பினான். பாட்டு கொஞ்சம் வேகமாகவும் குரல் கொஞ்சம் சன்னமாகவும் கேட்டது. மேஸ்திரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இது நானா? பொடிப் பையன் மாரி இருக்குது” என்றார். அப்போது நீங்கள் பொடிப் பையன்தானே என்று சொல்லி எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

முதல் ஞாயிறு பயிற்சிக்கு வந்தவர், வழக்கம் மாறாமல் சட்டைப் பையிலிருந்து ஆர்கனை எடுத்துக் கண்ணை மூடினார். தம்பி அதற்குள் கிட்டார் தலையில் டியூனரைக் கவ்வவிட்டுச் சுருதி சேர்த்து முடித்திருந்தான். கீபோர்டுக்குச் சுருதி சேர்க்கும் வேலையே இல்லை. நான் என் போனைப் பார்த்துப் பேஸைச் சேர்த்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். ஆர்கனைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மூன்றாவது பாட்டின் கடைசி அடியில் அவர் குரல் உடைந்தது.

அடுத்த ஞாயிறும் உடைந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு ஐந்தாவது பாட்டிலும் உடைந்தது. சாரத்தில் நின்று பாடியவருக்கு மைக் முன்னால் கூச்சம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வயது என்றேன். பிறகு, முப்பது வருடம் எனாமல் வாசனையைச் சுவாசித்தால் தொண்டை என்ன ஆகும் என்று நானே கேட்டு நானே பதில் சொன்னேன். அந்தப் பதிலை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொண்டை டாக்டரைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை, பெயிண்ட் வாசனையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். எனாமல் வேலையெல்லாம் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, வெளிச் சுவருக்கு மட்டும் போனார். மிளகுக் கஷாயத்தைப் பிளாஸ்கில் கொண்டுவந்தார். டீயை நிறுத்தினார். டீ இல்லாத மேஸ்திரியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கீபோர்டுப் பெண் ஒரு நாள், அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமே, எனக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாள். ஒரே ஒரு பொத்தான். நான்தான் கூடாது என்றேன். கேசட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வர வேண்டும், அதுதான் இந்தப் பாட்டுகளின் இடம் என்று பெரிய பிரசங்கம் செய்தேன். மேஸ்திரிக்கும் வீம்பு. நான் பாடிய பாட்டை எனக்காக எதற்கு இறக்க வேண்டும், இறக்கினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்றார். அந்தப் பெண் தோளைக் குலுக்கிக்கொண்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் நாங்கள்.

குரல் பதிவு நாளன்று மூன்றாவது பாட்டைப் பதினோரு முறை பாடினார். பதினோரு முறையும் கடைசி அடியில் போய் முட்டி நின்றது. பன்னிரண்டாவது முறைக்கு முன் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, பையிலிருந்து ஆர்கனை எடுத்தார்.

“ஒரு தபா சுருதிய ஆர்கன்ல வச்சுப் பாக்கலாம் பா,” என்றார். “ஏணி அதே ஏணிதான். செவருதான் ஒசந்துபோன மாரி இருக்குது.”

ஒவ்வொரு ஞாயிறும் அவர் இதைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏதோ பழைய பாசம் என்று சிரித்துத் தள்ளியிருக்கிறோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை, டிரம்ஸ் பையன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டான், இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்த என் மானம் போகிறது என்று பட்டது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்குது மேஸ்திரி,” என்றேன்.

கீபோர்டுப் பெண் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆர்கனை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தார். பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். “செரி பா. பேஜார் பண்ணிக்காத,” என்று என் தோளைத் தட்டிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. போன் செய்தபோது, அந்தத் தம்பி பாடட்டும், பாட்டு வெளியே வந்தால் சரி என்றார். இரண்டு முறை வற்புறுத்தினேன். மூன்றாவது முறை வற்புறுத்தவில்லை, ஏனென்றால் தம்பி ஏற்கெனவே நன்றாகப் பாடிவிட்டிருந்தான்.

ஆல்பம் வெளிவந்தது. எட்டுப் பாட்டு, எல்லாம் சரியான சுருதியில். பாட்டும் மெட்டும் என்ற இடத்தில் மேஸ்திரியின் பெயர் இருக்கிறது. கேட்டவர்கள் பாடகரின் குரலைத்தான் அதிகம் பாராட்டினார்கள். அவர் பெண்ணும் கேட்டிருப்பாள்.

தம்பி அந்த அறையைக் காலி செய்தபோது, ஸ்பீக்கருக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஆர்கனை என்னிடம் கொடுத்தான். இழுப்பறையில் போட்டேன். மேஸ்திரி படியிறங்கிப் போய் நாலு மாதம் ஆன ஒரு பிற்பகல், வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஏதோ ஒரு படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு, மடியில் பேஸை வைத்து, போனில் டியூனரைத் திறந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காமல் ஆர்கனை எடுத்து, பச்சைப் புள்ளித் துளையை ஊதினேன். போன் ‘ஈ’ என்று காட்டவில்லை. அரைக் கட்டை கீழே இருந்த சுருதியைக் காட்டியது. துளை தவறிவிட்டதோ என்று மறுபடி ஊதினேன். அதேதான். ஐந்தாவது துளையிலும் ஒரு ‘ஈ’ உண்டு, அதை ஊதினேன். முள் அசையாமல் நடுவில் நின்றது.

அந்த மீட்டிங் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி அன்று பிளேடால் செய்ததைப் போலப் பித்தளை நாக்கின் அடிப்பக்கம் சுரண்டினால் சுருதி இறங்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. தம்பிக்குப் போன் செய்து, அவன் திருத்துவதற்கு முன்னால் இருந்த கேசட் பதிவை அனுப்பச் சொன்னேன். பத்திரமாக வைத்திருந்தான். பேஸை ஆர்கனின் இரண்டாவது துளைக்கு இறக்கி, மூன்றாவது பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தேன். கச்சிதமாகச் சேர்ந்தது. டேப் மெதுவாக ஓடவில்லை. குடோனில் இருந்த பழைய டூ இன் ஒன் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. நாங்கள்தான் எட்டுப் பாட்டையும் தூக்கி ஒரு படி மேலே வைத்துவிட்டு, ஐம்பது வயது மனிதரை எட்டிப் பிடி, எட்டிப் பிடி என்று ஆறு வாரம் குதிக்கவிட்டிருக்கிறோம்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுத் தேடிப் போனேன். அத்திபெலே பக்கம் ஒரு புது வீட்டில் வேலை. உள் அறையில் ஏணி மேல் நின்று சுவருக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். எனாமல் டப்பாக்கள் திறந்திருந்தன. வாசனை மூக்கைத் துளைத்தது. பழையபடி உள்வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று புரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆர்கனையும் போனையும் அவர் முன்னால் வைத்து ஊதிக் காட்டினேன். முதலில் இரண்டாவது துளை, பிறகு ஐந்தாவது. கேசட் விவகாரத்தையும் சொன்னேன். இறங்கி வந்து, பட்டி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, முள்ளையே பார்த்தார். என் கையிலிருந்து வாங்கி அவரே ஒரு முறை ஊதிப் பார்த்தார்.

“அப்ப எந் தொண்டைக்கு?”

“தொண்டைக்கு ஒண்ணுமே ஆவல மேஸ்திரி.”

ஆர்கனைச் சட்டையில் துடைத்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. அதில் என்ன தெரிகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நாலு மாசமா நான் பாடல பா,” என்றார். “வேல செய்யும்போது கூட பாடல. போயிடுச்சின்னு நெனச்சிட்டேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆல்பத்தில் அவர் குரல் இல்லை என்கிற வருத்தத்தோடு மட்டும்தான் நான் போயிருந்தேன். பதிவு அறையில் பாடாதவர் சாரத்திலாவது பாடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் நின்று காற்றுக்குப் பாடிக்கொண்டிருந்த மனிதரைக் கீழே இறக்கி, டீயை நிறுத்தவைத்து, கடைசியில் வாயையும் மூடிவிட்டு அனுப்பியிருக்கிறேன். மறுபடி பதிவு செய்யலாம், எல்லாவற்றையும் உங்கள் ஆர்கனுக்கு இறக்கிவிடலாம், பிள்ளைகளும் தயார் என்று படபடவென்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

“எத்தினி தபா சொன்னேன் ஆர்கன்ல வைன்னு,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு ஏன்னு தெரியல. ஆனா சொன்னேன்ல?”

சொன்னார். ஆறு ஞாயிறும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுந்து, ஆர்கனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது அதை ஊதப் பிடிக்கவில்லை, நீயே வைத்திரு என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வெளியே வந்து, பாடுகிறாரா என்று ஜன்னலுக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். உப்புத்தாள் சுவரில் உரசுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

அது நடந்து இரண்டு மாதமாகிறது. மன்னிப்பு கேட்டு நான் அனுப்பிய குரல் செய்திகளை அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டுகிறது; பதில் வருவதில்லை. சில நாள் எனக்கே கோபம் வருகிறது. அன்று வீம்பு பிடிக்காமல் அரைக் கட்டை இறக்கச் சம்மதித்திருந்தால் இவருக்கு என்ன குறைந்திருக்கும் என்று மனசுக்குள் சண்டை போடுகிறேன். சண்டை முடிகிற இடம் எப்போதும் ஒன்றுதான். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தது. ஆடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரைப் பார்த்துத்தான் நான் அந்தப் பழமொழியைச் சொன்னேன்.

போன ஞாயிறு காலையில் அவர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். பின்னால் எங்கோ குக்கர் சத்தம், ஒரு பெண் குரல். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

“அந்தப் பச்சப் புள்ளி இன்னும் இருக்குதா?” என்று கேட்டார்.

“இருக்குது மேஸ்திரி.”

“அழிச்சிடாத,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் திருப்பி அழைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஆர்கனை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது துளையை நீளமாக ஊதினேன். சுவரில் சாத்தியிருந்த பேஸின் தடித்த கம்பி தானாக லேசாக அதிர்ந்தது. அன்று அரைக் கட்டை இறக்கியதை நான் இன்னும் ஏற்றவில்லை.